தொழிற்புரட்சியைத் தொடங்கிவைத்தது நீராவி இயந்திரம்தானா?

வரலாற்று மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தொழிற்புரட்சியின் தொடக்கக் காலக் கண்டுபிடிப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடநூல்களில் பெரும்பாலும் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரமே முதலில் வருகிறது. ஆலைகளும் இரயில்களும் தொழில் நகரங்களும் அதிலிருந்தே கிளைத்தன என்பதுபோல் விளக்கம் தொடர்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த விளக்கம் பொருந்தவில்லை. தாமஸ் நியூகோமன் தம் இயந்திரத்தை டட்லிக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுவியது 1712-இல். ரிச்சர்டு ஆர்க்ரைட் டெர்பிஷயரில் உள்ள கிராம்ஃபோர்டில் பருத்தி நூற்பாலையைத் தொடங்கியது 1771-இல். அதை ஓட்டியது நீரோட்டம். வாட்டின் இயந்திரம் வணிக முறையில் வேலைக்கு வந்தது 1776-இல்தான். அப்போதும் அது நீர் இறைக்கவும் ஊதுலைக்குக் காற்றூதவுமே பயன்பட்டது. ஆலைச் சக்கரத்தைச் சுழற்றும் வடிவத்தை அது பெற 1780-கள் வரை ஆயிற்று.

நீராவி இல்லாமலே ஆலை தோன்றிவிட்டது என்றால் தொடக்கப் புள்ளியாக எதைக் கொள்வது? நியூகோமனுக்கும் வாட்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது ஏன்? நீராவியை உருளைக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் குளிர்கலன் என்ற எண்ணம் வாட்டுக்கு 1765-இலேயே தோன்றிவிட்டது என்று படித்தேன். பிறகு பதினோரு ஆண்டுகள் அவர் எதற்காகக் காத்திருந்தார்? இவையெல்லாம் குறிப்பாகப் பிரிட்டனில் நிகழ்ந்ததற்குக் காரணம் என்ன? பெயர்களும் ஆண்டுகளும் என்னிடம் உள்ளன. அவற்றை இணைக்கும் காரணங்களைத்தான் தேடுகிறேன்.

பஞ்சுப்பொதி (பதில்)

முதல் கேள்விக்கு என் பதில்: பருத்தியிலிருந்து தொடங்குங்கள். நீராவி அந்தக் கதைக்குள் பிற்பகுதியில்தான் நுழைகிறது.

இந்தியாவிலிருந்து வந்த அச்சிட்ட பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெரும் விருப்பத்தைப் பெற்றிருந்தன. கம்பளி, பட்டு உற்பத்தியாளர்களின் நெருக்குதலால் 1700-இலும் 1721-இலும் நாடாளுமன்றம் அவற்றுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. தடை விதித்தாலும் மக்களின் விருப்பம் குறையவில்லை. உள்நாட்டில் நெய்ய முயன்றவர்களுக்கோ ஓர் அடிப்படை இடையூறு இருந்தது: இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூல், தறியில் இழுத்துக் கட்டும் பாவுக்குத் தாங்கவில்லை. எனவே பாவுக்கு லினன் நூலும், அதன் குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி நூலும் இட்டு ஒரு கலப்புத் துணியை நெய்தார்கள். முழுப் பருத்தித் துணியை இந்தியத் துணிக்கு நிகராக எப்படி உள்நாட்டில் நெய்வது என்பதே பல பத்தாண்டுகளாக, இங்கிலாந்தின் பருத்தி நெசவுப் பகுதியான லங்காஷயரை அரித்துக்கொண்டிருந்த சிக்கல்.

இதற்கிடையே 1733-இல் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். நாடா என்பது ஊடை நூலைச் சுமந்து செல்லும் கட்டை. கயிற்றை ஒரு கையால் சுண்டினால் நாடா தறியின் குறுக்கே தானாக ஓடிவிடும். அகலத் துணிக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. நெய்யும் வேகமும் கூடியது. அதன் விளைவு நூல் தட்டுப்பாடு. ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்க முன்பே பலர் இராட்டையில் உட்கார வேண்டியிருந்தது, இப்போது அவர்களும் போதவில்லை. உருளைகளைக் கொண்டு நூற்கும் முறைக்கு லூயிஸ் பால் 1738-இல் காப்புரிமை பெற்றார். ஜான் வயட்டுடன் சேர்ந்து அவர் அமைத்த இயந்திரம் ஓடியது, ஆனால் இலாபம் தரவில்லை. ஏறத்தாழ 1764-இல் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் உருவாக்கிய ஸ்பின்னிங் ஜென்னியில் ஒரே சக்கரம் முதலில் நூலை முறுக்கும் 8 கதிர்களைச் சுழற்றியது. பிறகு கதிர்கள் பெருகின. அது வீட்டுக்குள் வைத்துக் கையால் ஓட்டத்தக்க இயந்திரம். ஆயினும் அதன் நூல் மென்மையானது. ஊடைக்கு உதவியதேயன்றிப் பாவுக்கு உதவவில்லை.

இந்த இடத்தில்தான் ஆர்க்ரைட்டின் 1769-ஆம் ஆண்டுக் காப்புரிமை முக்கியமாகிறது. அவருடைய இயந்திரத்தில் பஞ்சுத் திரி பல இணை உருளைகளுக்கு இடையே செல்லும். ஒவ்வோர் இணையும் முந்தையதைவிட வேகமாகச் சுழலும். அதனால் இழைகள் ஒரே சீராக இழுபட்டு மெலிந்து, கடைசியில் கதிரில் முறுக்கேறும். இந்த நூல் பாவுக்குத் தாங்கியது. உருளை நூற்பு அவருடைய சொந்த எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உருளைகளுக்கிடையே இருக்க வேண்டிய தூரத்தையும் அவற்றின்மேல் வைக்க வேண்டிய எடையையும் சரிப்படுத்தி, அதை நாள் முழுவதும் நம்பி ஓட்டத்தக்க இயந்திரமாக்கியவர் அவரே. இயந்திரம் கனமானதால் கைவிசை போதாது. நாட்டிங்காமில் முதலில் குதிரைகளைப் பூட்டினார். பிறகு கிராம்ஃபோர்டுக்குச் சென்றார். அங்கே ஓர் ஓடையும், ஈயச் சுரங்கங்களிலிருந்து வடிந்து வந்த வெதுவெதுப்பான நீரும் இருந்தன. குளிர்காலத்திலும் அந்த நீர் உறையவில்லை. ஜெடிடையா ஸ்டிரட், சாமுவேல் நீட் ஆகியோரின் முதலீடும் சேர்ந்தது. பஞ்சைச் சிக்கெடுத்துத் திரியாக்கும் இயந்திரங்களுக்கும் 1775-இல் காப்புரிமை பெற்ற பிறகு, பஞ்சு ஒரு முனையில் நுழைந்து நூலாக மறுமுனையில் வெளிவரும் தொடர் வேலைமுறை அமைந்தது. ஆர்க்ரைட்டின் உண்மையான சாதனை அந்தத் தொடர் அமைப்பே என்று நான் கருதுகிறேன்.

ஆலை என்ற அமைப்பே அவருடையது என்றும் எழுதிவிடாதீர்கள். டெர்பியில் லோம்பே சகோதரர்களின் பட்டு ஆலை 1721 வாக்கிலேயே, இத்தாலிய இயந்திரங்களைப் பின்பற்றி, ஆற்று நீரால் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பட்டு சிலர் மட்டும் உடுத்தும் துணி, அதன் சந்தை சிறியது. பருத்தியோ எல்லாரும் உடுத்துவது.

1779-இல் போல்டனைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன், ஆர்க்ரைட்டின் உருளைகளையும் ஜென்னியின் நகரும் வண்டியையும் இணைத்து மியூல் என்ற இயந்திரத்தை உருவாக்கினார். மெல்லிய மஸ்லினுக்கு வேண்டிய நூல் அப்போதுதான் இங்கிலாந்தில் பெருமளவில் சாத்தியமாயிற்று. 100-ஆம் எண் என்ற மிக மெல்லிய நூலின் விலை 1786-இல் ராத்தலுக்கு 38 ஷில்லிங். 1807-இல் 7 ஷில்லிங்குக்கும் குறைவு. இருபத்தோரு ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த வீழ்ச்சியை உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல் பெருகியதும் தட்டுப்பாடு நெசவின் பக்கம் திரும்பியது. எட்மண்ட் கார்ட்ரைட் 1785-இல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார் என்று எல்லாப் பட்டியல்களும் சொல்கின்றன. ஆனால் அந்தத் தறி அடிக்கடி நின்றது, நூல் அறுந்தது, பாவுக்குக் கஞ்சியிடத் தறியையே நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே அடுத்த சில பத்தாண்டுகளில் கைத்தறி நெசவாளர்களின் எண்ணிக்கை குறையாமல் பெருகியது. 1820-களில், ரிச்சர்டு ராபர்ட்ஸின் இரும்புத் தறி போன்றவை வந்த பிறகே விசைத்தறி நெசவாளரை உண்மையில் வீழ்த்தத் தொடங்கியது. கண்டுபிடித்த ஆண்டையும் பரவிய ஆண்டையும் ஒன்றாகக் கருதினால் இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

நீராவிக்கு வருகிறேன். வாட் நிறுவனத்தின் சுழல் இயந்திரம் பருத்தி ஆலையொன்றை முதன்முதலாக ஓட்டியது 1785-இல், நாட்டிங்காம்ஷயரின் பேப்பிள்விக்கில். அதன் பிறகும் நீர்ச்சக்கரம் நெடுங்காலம் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஜான் ஸ்மீட்டன் 1759-இல் வெளியிட்ட ஆய்வு, மேலிருந்து நீர் விழும் சக்கரம் கீழே நீர் மோதும் சக்கரத்தைவிட இருமடங்குக்கும் மேல் திறன் உடையது என்று அளந்து காட்டியது. அதன் பயனை ஆலைகள் பல தலைமுறைகளுக்கு அனுபவித்தன.

கடைசல் பட்டறை (பதில்)

நண்பர் பஞ்சுப்பொதி விரிவாக எழுதிவிட்டார். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன். கடைசல் வேலையே என் தொழில் என்பதால் இந்தப் பகுதி எனக்கு மிக நெருக்கமானது.

நியூகோமன் இயந்திரத்தில் உருளைக்குள் நீராவி நிரம்பும். பிறகு உள்ளே குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். நீராவி நீராகச் சுருங்க, உள்ளே ஏறத்தாழ வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். வேலையைச் செய்வது நீராவியின் அழுத்தமன்று, வளிமண்டலத்தின் அழுத்தம். டட்லி இயந்திரம் இப்படி நிமிடத்துக்கு 12 முறை அசைந்தது. ஒவ்வொரு முறையும் முழு உருளையும் சூடாகிக் குளிர்ந்ததால், எரித்த கரியின் பெரும்பகுதி உலோகத்தைத் திரும்பச் சூடாக்குவதிலேயே வீணாயிற்று.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்த வாட், 1763-64 குளிர்காலத்தில் அங்கிருந்த நியூகோமன் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்தபோது இந்த விரயத்தை அளந்து அறிந்தார். நீராவியை வேறொரு கலத்துக்கு இழுத்து அங்கே குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கலாம் என்பது 1765-இல் அவருக்குத் தோன்றிய தீர்வு. எண்ணம் எளியது. அதை இரும்பில் செய்வதுதான் கடினம், காரணத்தைச் சொல்கிறேன்.

நியூகோமனின் உருளை சரியான வட்டமாக இருக்க வேண்டிய தேவையில்லை. பிஸ்டனைச் சுற்றித் தோல் வைத்து, அதன்மேல் ஓர் அடுக்கு நீரையும் நிறுத்திவிடுவார்கள். இடைவெளியை நீர் அடைத்துக்கொள்ளும். உருளையைச் சூடாகவே வைத்திருக்க விரும்பிய வாட்டுக்கு அந்த நீர் உதவாது, அது உருளையைக் குளிர்வித்துவிடும். ஆகவே பிஸ்டனும் உருளையும் நெருங்கிப் பொருந்த வேண்டும். அக்காலத் துளைப்பு முறையில் வெட்டும் தலை நீண்ட தண்டின் ஒரு முனையில் தொங்கிக்கொண்டு, வார்ப்பில் இருந்த கோணல் எப்படிப் போகிறதோ அப்படியே போகும். துளை பெரிதாகுமே தவிர நேராகாது. இவ்வளவு நுட்பமான இயந்திரத்தைச் செய்வதற்குரிய கருவிகளும் இல்லை, கைவினைஞரும் இல்லை என்று ஸ்மீட்டனே கருதினார், அவரோ அன்றைய பொறியாளர்களில் தலைசிறந்தவர்.

முடிச்சை அவிழ்த்தவர் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு உற்பத்தியாளர். பீரங்கிக் குழாய்களைத் துளைப்பதற்காக 1774-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த அவர், நீராவி உருளைகளுக்கென்று ஒரு துளைப்பு இயந்திரத்தையும் அமைத்தார். அதில் வெட்டும் தண்டு உருளையின் முழு நீளத்தையும் ஊடுருவிச் சென்று இரு முனைகளிலும் தாங்கப்பட்டது. அதனால் தொங்கலும் விலகலும் நின்றன. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் எழுதினார். இன்றைய பட்டறையில் அவ்வளவு பிழையோடு ஓர் உருளையை யாரும் ஏற்க மாட்டார்கள், அன்றோ அது பெரும் வெற்றி. 1776-இல் நிறுவிய முதல் இரண்டு இயந்திரங்களில் ஒன்று டிப்டனில் சுரங்க நீரை இறைத்தது. மற்றொன்று வில்கின்சனுடைய சொந்த ஊதுலைக்குக் காற்றூதியது. காத்திருப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: வாட்டின் முதல் கூட்டாளியான ஜான் ரோபக் பணநெருக்கடியில் வீழ்ந்தார், அவர் வைத்திருந்த பங்கு போல்டன் கைக்கு வந்த பிறகே வேலை மீண்டும் நகர்ந்தது.

கண்டுபிடிப்புகளின் பட்டியல்களில் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்கு இடம் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தில், வெட்டும் உளியைப் பிடித்திருப்பது மனிதக் கையன்று, இரும்புத் தாங்கி. அது துல்லியமான ஒரு திருகின் வழியே நகர்கிறது. இதனால் ஒரே திருகைப் பலமுறை ஒரே அளவில் வெட்ட முடிந்தது. போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குரிய கப்பிகளைச் செய்ய மார்க் புரூனெல் வடிவமைத்த இயந்திரத் தொகுதியை அவரே செய்து கொடுத்தார். 110 கைவினைஞர்கள் செய்த வேலையை அங்கே 10 பேர் செய்தார்கள்; 1808-இல் அது 1,30,000 கப்பிகளை உற்பத்தி செய்தது. பஞ்சுப்பொதி குறிப்பிட்ட ரிச்சர்டு ராபர்ட்ஸும், நாஸ்மித், கிளமெண்ட், விட்வொர்த் ஆகியோரும் மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை செய்தவர்களே. திருகுப் புரிகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவை 1841-இல் முன்மொழிந்தவர் அந்த விட்வொர்த். நல்ல தறியும் நல்ல இரயில் எஞ்சினும் நல்ல கடைசலில் பிறந்தவை.

கரியும் இரும்பும் (பதில்)

ஏன் பிரிட்டன் என்ற கேள்விக்கு எவரும் இன்னும் தொடாததால் எழுதுகிறேன்.

நியூகோமன் இயந்திரம் கரியை வாரி விழுங்கியது. எரித்த கரியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது வேலையாக மாற்றவில்லை. அப்படிப்பட்ட இயந்திரம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில் மட்டுமே கட்டுப்படியாகும், ஏனெனில் விற்க முடியாத துண்டுக்கரி அங்கே ஏறத்தாழ விலையின்றிக் கிடைத்தது. ஆழமான சுரங்கங்களும் அவற்றில் ஊறும் நீரும் மலிந்த கரியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்த நாடு பிரிட்டன். இயந்திரம் அறுபது ஆண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்ததற்கும் இதுவே பாதிக் காரணம் என்பது என் கருத்து. கரி மலிவாக உள்ள இடத்தில் அதைச் சேமிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. வாட்டுக்குச் சிறந்த வாடிக்கையாளர்களாக, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் செம்பு, வெள்ளீயச் சுரங்கக்காரர்கள் அமைந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். கார்ன்வாலில் கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். நியூகோமன் இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் போல்டனும் வாட்டும் ஆண்டுதோறும் கட்டணமாகப் பெற்றார்கள். கரி விலை உயர்ந்த இடத்தில் அந்தக் கணக்கு இரு தரப்புக்கும் இலாபம்.

கூலியையும் மறக்க வேண்டாம். ஐரோப்பாவின் பல பகுதிகளைவிடப் பிரிட்டனில் கூலி உயர்ந்திருந்தது. ஆகவே ஆளைக் குறைத்துக் கரியையும் இயந்திரத்தையும் கூட்டுவது அங்கே முதலில் கட்டுப்படியாயிற்று என்று பொருளியல் வரலாற்றறிஞர் சிலர் வாதிடுகிறார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. நூற்பு வேலை செய்த பெண்களின் கூலி உண்மையில் மிகக் குறைவு என்பது அவர்களின் எதிர்வாதம். கட்டுரையில் இரண்டையும் வைப்பது நேர்மையாக இருக்கும்.

இரும்பில், ஆபிரகாம் டார்பி 1709-இல் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கற்கரியைக் கொண்டு ஊதுலையை ஓட்டினார். இந்த முறை பரவ அரை நூற்றாண்டு ஆயிற்று. கற்கரியில் உருக்கிய இரும்பு நன்றாக ஓடும். மெல்லிய சுவருடைய பானைகளை வார்க்க அது மிக ஏற்றது. டார்பியின் வணிகமும் அதுவே. கொல்லருக்குத் தேவையான, அடித்து நீட்டத்தக்க தேனிரும்பாக அதை மாற்றுவதுதான் செலவு மிகுந்த வேலை. 1750-களில் அவருடைய மகன் காலத்தில் இந்த நிலை மாறத் தொடங்கியது. 1784-இல் ஹென்றி கார்ட் காப்புரிமை பெற்ற முறையில், எரியும் கரி இரும்பைத் தொடாமல் சுடர் மட்டும் மேலே வளைந்து உருக்க, தொழிலாளி நீண்ட கம்பியால் உருகிய இரும்பைக் கிளறிக் கரிமத்தை நீக்கினார். பிறகு வரிப்பள்ளம் கொண்ட உருளைகளுக்கிடையே செலுத்திக் கம்பியாக இழுத்தார்கள். பிரிட்டனின் கச்சா இரும்பு உற்பத்தி 1788-இல் ஏறத்தாழ 68,000 டன். 1806-இல் 2,50,000 டன் அளவுக்கு உயர்ந்தது.

இவை ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன என்பதைத்தான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன். இயந்திரம் நீரை இறைத்ததால் கரி கிடைத்தது. கரியால் இரும்பு கிடைத்தது. இரும்பால் அடுத்த இயந்திரம் கிடைத்தது. போக்குவரத்தும் இதில் அடங்கும்: ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறந்தபின் மான்செஸ்டரில் கரி விலை பாதியளவுக்கு இறங்கியது.

வெளுப்புக்காரர் (பதில்)

எல்லாரும் நூலையும் தறியையும் பேசுகிறீர்கள். நெய்த துணியை வெளுக்க வேண்டாமா? பழைய முறையில் துணியைக் காரத்தில் ஊறவைத்து, புல்வெளியில் வாரக்கணக்கில் வெயிலில் விரித்து, புளித்த மோரில் நனைத்து, மீண்டும் விரிப்பார்கள். முழு வெளுப்புக்குப் பல மாதங்கள் ஆகும். ஆலைகள் துணியைக் குவிக்கத் தொடங்கிய பிறகு அத்தனை துணியை விரிக்கப் புல்வெளி எங்கே?

ரோபக் 1746-இல் பர்மிங்காமில் ஈய அறைகளுக்குள் கந்தக அமிலத்தைத் தயாரிக்கும் முறையைத் தொடங்கியபின் அதன் விலை வெகுவாக இறங்கியது. மோரின் இடத்தில் நீர்த்த அமிலம் வந்தது. வாட்டின் முதல் கூட்டாளியாக மேலே வந்த அதே ரோபக்தான். குளோரினுக்கு வெளுக்கும் ஆற்றல் உண்டு என்று பெர்தொலே பிரான்சில் 1785-இல் காட்டினார். வாட் அதை அறிந்து, கிளாஸ்கோவில் வெளுப்புத் தொழில் நடத்திய தம் மாமனாரிடம் எடுத்துச் சென்றார். வாயுவைக் கையாள்வது ஆபத்தாக இருந்தது. 1799-இல் சார்லஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்பில் ஏற்றி வெளுப்புத் தூளாக்கக் காப்புரிமை பெற்றபின், மாதக்கணக்கில் நடந்த வேலை சில நாள்களில் முடிந்தது.

வரலாற்று மாணவி (மறு கேள்வி)

நால்வருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கார்ன்வால் கட்டண முறையும், உருளையைத் துளைப்பதில் இருந்த சிக்கலும் நான் அறிந்திராதவை. இவற்றைப் படித்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எங்கும் காப்புரிமை என்ற சொல் வருகிறது. அது கண்டுபிடிப்பை ஊக்குவித்ததா, தடுத்ததா?

கடைசல் பட்டறை (பதில்)

இரண்டும் நடந்தன, வாட் ஒருவரின் வாழ்க்கையிலேயே இரண்டையும் காணலாம்.

அவருடைய காப்புரிமை 1769-ஆம் ஆண்டினது. 1775-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதை 1800 வரை நீட்டித்தது. அந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் போல்டன் தம் பணத்தை இறக்கியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். மறுபுறம், முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்ற மிக இயல்பான வழியான கிராங்குக்கு (வளைந்த தண்டு) ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் 1780-இல் காப்புரிமை பெற்றிருந்தார். வாட் அதைத் தவிர்க்க ஒரு பற்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் அமைப்பை 1781-இல் நாட வேண்டியிருந்தது. ஜோனதன் ஹார்ன்புளோயர் அதே 1781-இல் காப்புரிமை பெற்ற இரட்டை உருளை இயந்திரமோ வாட்டின் காப்புரிமையோடு மோதி நீதிமன்றத்தில் முடங்கியது.

1800-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ரிச்சர்டு டிரெவிதிக் 1802-இல் உயர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குளிர்கலன் வேண்டாத அந்தச் சிறிய இயந்திரத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்ற முடிந்தது. 1804-இல் வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையில் அது 10 டன் இரும்பை இழுத்துச் சென்றது, ஆனால் அதன் எடையைத் தண்டவாளங்கள் தாங்கவில்லை. வாட் உயர் அழுத்தத்தை எதிர்த்ததற்கு வணிகப் போட்டி மட்டும் காரணமன்று. 1803-இல் கிரீனிச்சில் டிரெவிதிக்கின் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்தார்கள். கார்ன்வாலில் 1811 முதல் ஜோயல் லீன் மாதந்தோறும் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு சுரங்கத்தின் இயந்திரமும் ஓர் அளவு கரியில் எவ்வளவு நீரை இறைத்தது என்பதைப் பெயரோடு வெளிப்படுத்தியது. பொறியாளர்கள் ஒருவரின் முன்னேற்றத்தை மற்றவர் வெளிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டுக்குள் இயந்திரங்களின் திறன் பல மடங்கு உயர்ந்தது.

கண்டுபிடித்தவர்களில் பலருக்கு மிஞ்சியது துயரம். கே பிரான்சுக்குப் போனார். ஹார்கிரீவ்ஸின் இயந்திரங்களை 1768-இல் கூட்டம் உடைத்தது. காப்புரிமைக்கு முன்பே இயந்திரங்களை விற்றிருந்ததால் பிறகு பெற்ற காப்புரிமையும் உதவவில்லை. கிராம்ப்டன் காப்புரிமையே பெறாமல் ஆலைக்காரர்களின் வாக்குறுதியை நம்பி இயந்திரத்தைத் திறந்து காட்டினார். கிடைத்தது மிகச் சிறு தொகை. 1812-இல் நாடாளுமன்றம் 5,000 பவுண்டு வழங்கியது. கார்ட் தம் கூட்டாளியின் குடும்பக் கடனில் சிக்கிக் காப்புரிமைகளை இழந்தார். ஆர்க்ரைட் மட்டும் 1785-இல் நீதிமன்றத்தில் காப்புரிமைகளை இழந்த பிறகும் பெருஞ்செல்வராகவே வாழ்ந்தார். அவருடைய வருவாய் அதற்குள் ஆலைகளில் ஊன்றிவிட்டிருந்தது.

பஞ்சு பறிப்போர் பக்கம் (பதில்)

இந்த உரையாடலில் இன்னும் வராத ஓர் இயந்திரத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அது இல்லாமல் இந்த ஆலைகளுக்குப் பஞ்சு வந்திருக்காது. அமெரிக்காவில் எலி விட்னி 1793-இல் உருவாக்கி அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்ற பருத்தி அரவை இயந்திரம் அது. அமெரிக்க உள்நாட்டுப் பகுதிகளில் விளைந்த பருத்தியின் பச்சை விதைகள் இழையோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் பிரித்தாலும் ஏறத்தாழ ஒரு ராத்தல் பஞ்சே தேறும். இயந்திரம் அதை 50 ராத்தலாக்கியது.

விதை பிரிக்கும் உழைப்பை அது குறைத்தது. பருத்தி பறிக்கும் உழைப்பைக் குறைக்கவில்லை. பஞ்சுக்குச் சந்தை பெருகப் பெருக, தோட்டக்காரர்கள் மேலும் மேலும் நிலத்தைப் பருத்திக்கு மாற்றி, அடிமைப்படுத்தப்பட்ட மக்களைக் கடற்கரை மாநிலங்களிலிருந்து குடும்பம் பிரித்து மேற்கே ஓட்டிச் சென்றார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி அடிமை நிலையில் இருந்தவர்கள் 1790-இல் ஏறத்தாழ 7,00,000 பேர். 1860-இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். லங்காஷயரில் நூல் விலை வீழ்ந்ததை எழுதும் அதே பத்தியில் இதையும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். மலிந்த நூலின் ஒரு முனை இந்தத் தோட்டங்களில்தான் இருந்தது.

ஆலைகளின் உள்ளேயும் இதே கேள்வி உண்டு. கிராம்ஃபோர்டு வகை இயந்திரத்தில் அறுந்த நூலை முடிச்சிடச் சிறு விரல்கள் போதும் என்பதால் குழந்தைகளை வேலைக்கு வைத்தார்கள். பட்டு ஆலைகள் நீங்கலான நெசவு, நூற்பு ஆலைகளில் 9 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, அதைக் கண்காணிக்க ஆய்வாளர்களையும் அமர்த்திய சட்டம் வந்தது 1833-இல், அதாவது கிராம்ஃபோர்டு ஆலை தொடங்கி 62 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தச் சட்டத்தின்படி நாடு முழுவதற்கும் அமர்த்தப்பட்ட ஆய்வாளர்கள் நால்வர்.